கையால் வரைந்த பெடல் பெட்டி: எழுத்து கலைகிறது, நட் ஓரம் பெயின்ட் உரிகிறது

ஒன்பதுவோல்ட்

வணக்கம். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் ஒன்று, சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டது. 125பி அளவு டை-காஸ்ட் அலுமினியப் பெட்டி, பெயின்ட் எதுவும் அடிக்காமல் வருவது. சர்க்யூட்டை மேசைமேல் திறந்து வைத்து வாசித்தவரை ஒரு குறையும் இல்லை. பெட்டியை அலங்கரித்த பிறகுதான் எல்லாப் பிரச்சினையும்.

செய்த வேலை இதுதான். துளை போட்டு, 220 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் சாதாரண சாம்பல் நிற மெட்டல் பிரைமர் ஸ்ப்ரே ஒரு கோட். மேலே வெள்ளை அக்ரிலிக் ஸ்ப்ரே இரண்டு கோட். மறுநாள் கைவினைக் கடை அக்ரிலிக் வண்ணத்தில் செம்பருத்திப் பூவும் இலையும். நாப்களுக்குப் பக்கத்தில் ‘ஒலி’, ‘ஃபஸ்’ என்று கறுப்பு பர்மனென்ட் மார்க்கரில் எழுத்து. அன்று மாலையே மேலே நிறமற்ற லாக்கர் கிளியர் ஸ்ப்ரே, நன்றாக நனையும்படி ஒரே கோட். பெட்டியின் உள்பக்கமும் வெள்ளை அடித்திருக்கிறது.

இப்போது நிலைமை:

கிளியர் பட்ட சில நொடிகளில் கறுப்பு எழுத்தைச் சுற்றி ஊதா நிறம் கசிந்து, ‘ஒ’வின் சுழி அடைத்துப் போய்விட்டது. காலால் அழுத்தும் ஃபுட்ஸ்விட்ச்சின் நட்டை முடுக்கியதும் அதைச் சுற்றி வட்டமாகப் பெயின்ட் நொறுங்கி, வெற்று உலோகம் தெரியும் அளவு பிரைமரோடு எழும்பி வந்துவிட்டது. கிளியர் காய்ந்ததும் இலைகள்மேல் பால் படிந்தது போன்ற வெண்மை. கடைசியாக, பெட்டிக்குள் பொருத்திய பிறகு ஹம் சத்தம். கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் நின்றுவிடுகிறது.

இதே பெட்டியைச் சரிசெய்ய முடியுமா, முழுதும் சுரண்ட வேண்டுமா? தமிழ் எழுத்தைக் கையால்தான் எழுத வேண்டும் என்று ஆசை, ஸ்டிக்கர் வேண்டாம்.


தகரவேலை

முழுதும் எடுத்துவிடுங்கள். பெயின்ட் பிரைமரோடு சேர்ந்து உலோகம்வரை எழும்புகிறது என்றால் அடியில் பிடிப்பே இல்லை என்று அர்த்தம். அதன்மேல் என்ன அடித்தாலும் அதோடு சேர்ந்தே உரியும். ஓவியத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரைய உதவும்.

பாகங்களை எல்லாம் வெளியே எடுத்தபின், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த பருத்தித் துணியைப் பெட்டியில் சுற்றி, பாலித்தீன் பைக்குள் வைத்து வாயைக் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். நீங்கள் போட்ட எல்லாமே அநேகமாகக் குழைந்து வந்துவிடும். வராத இடத்துக்கு ஜெல் ரிமூவர். கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம், அடுப்புப் பக்கம் கூடாது. காஸ்டிக் சோடாவைத் தொடவே தொடாதீர்கள். அது பெயின்ட்டை எடுக்கும்போதே அலுமினியத்தையும் தின்னும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் இரண்டு காரணம். வார்ப்பு அச்சிலிருந்து பெட்டி ஒட்டாமல் கழன்று வர அச்சுக்குள் ஒரு வழுவழுப்பான பொருளைத் தெளிப்பார்கள், அது பெட்டியின் தோலில் தங்கிவிடும். லேசாகத் தேய்த்து ஒரே துணியால் துடைத்தால் அது போகாது, பரவத்தான் செய்யும். இன்னொன்று, அலுமினியம் காற்றுப் பட்ட உடனே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும் உலோகம். இரும்புக்கென்று விற்கும் சாதாரண பிரைமர் அதன்மேல் உட்கார்ந்திருக்குமே தவிர, வேர் பிடிக்காது.

அதனால் தேய்ப்பதிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு கண்ணாடித் தகடுமேல் 180 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுப் பரப்பி, பெட்டியின் முகத்தை அதில் வைத்து எட்டு வடிவில் சுழற்றித் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் திருப்பிப் பார்த்தால் நான்கு ஓரமும் பளிச்சென்று இருக்கும், நடுவில் மங்கலாக ஒரு தீவு தெரியும். வார்ப்பில் முகம் கொஞ்சம் குழிந்திருப்பதால் அப்படி. அந்தத் தீவு மறையும்வரை தேய்க்க வேண்டும். அது இருந்தால் கிளியர் கோட்டில் விளக்கு பிரதிபலிக்கும்போது ஓவியத்தின் நடுவில் அலை தெரியும். பிறகு 320, கடைசியில் 400. அதற்குமேல் போகாதீர்கள், பளபளக்கும் உலோகத்தில் பிரைமருக்குப் பிடிமானம் குறையும்.

தேய்த்தபின் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும். மூலைகளையும் துளை விளிம்புகளையும் விடாதீர்கள். கழுவியதும் குழாயடியில் பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே தாளாக வழிந்தால் சுத்தம். எங்கேயாவது பிரிந்து முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். காய்ந்ததும் அசிட்டோன் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டாவது துணிதான் அழுக்கை எடுக்கிறது. இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது.

டை-காஸ்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. கழுவிய ஈரமும் காற்றும் அதில் தங்கி, பின்னால் சூடுபடுத்தும்போது பெயின்ட்டுக்குள் கொப்புளமாக எழும்பும். பிரைமர் அடிக்கும் முன் சமையலுக்குப் பயன்படாத டோஸ்டர் அவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள்.

பிரைமர் என்றால் எட்ச் பிரைமர். ஆட்டோ பெயின்ட் கடையில் வாஷ் பிரைமர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அதில் இருக்கும் அமிலம் அலுமினியத்தின் மேல்தோலைக் கொஞ்சம் அரித்துப் பிடிக்கும். சில வகைகளில் குரோமேட் இருக்கும். டப்பாவில் அப்படிப் போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள். மெல்லிசாக ஒரே கோட், அடியில் உலோகத்தின் நிறம் தெரிய வேண்டும். தடிமனாக அடித்தால் அமிலம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பிடிப்பு போய்விடும். அன்றைக்கே மேலே சாதாரண அக்ரிலிக் பிரைமர் இரண்டு கோட், மறுநாள் 400ஆல் லேசாகத் தேய்த்து அடிநிறம்.

துளையில் ஒரு விஷயம். எல்லாத் துளையும் பெயின்ட்டுக்கு முன்பே, கொஞ்சம் பெரிதாக. ஃபுட்ஸ்விட்ச்சின் 12 மி.மீ. கழுத்துக்கு 12.5, நாப் மாட்டும் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) 7 மி.மீ. கழுத்துக்கு 7.5, திறந்த வகை ஜாக்குக்கு 10. பெயின்ட்டும் கிளியரும் துளையின் உள்விளிம்பில் ஏறி வழியை அடைக்கும். அளவு இறுக்கமாக இருந்தால் பாட்டைத் திணிக்கும்போதே விளிம்பு சிதறிவிடும். பிசிரை எடுத்து, விளிம்பின் கூர்மையை ஒரு பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றிச் சரித்துவிடுங்கள். கூர்மையான விளிம்பில் ஈரப் பெயின்ட் நிற்காமல் பின்வாங்கும், அங்கே படலம் எப்போதும் மெல்லிசாக இருக்கும், உரிவதும் அங்கேதான் தொடங்கும்.


நுனித்தூரிகை

உலோக வேலையைத் தகரவேலை சொல்லிவிட்டார். நான் வண்ணத்துக்கும் எழுத்துக்கும் வருகிறேன்.

ஊதாக் கசிவுக்குக் காரணம் மார்க்கர் மை. பர்மனென்ட் மார்க்கரில் இருப்பது ஆல்கஹாலில் கரைந்த சாயம். கறுப்பு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று சாயங்களின் கலவை. லாக்கர் கிளியரில் உள்ள கரைப்பான் அதை மறுபடி கரைக்கிறது, எளிதில் ஓடும் சாயம் முதலில் வெளியே வருகிறது. எவ்வளவு நாள் காயவைத்தாலும் இது மாறாது. வெயிலிலும் வெளுத்துப்போகும். இந்த வேலைக்குச் சாயம் வேண்டாம், நிறமி வேண்டும். போஸ்கா போன்ற தண்ணீர் அடிப்படைப் பெயின்ட் மார்க்கர்கள், அக்ரிலிக் மை, எனாமல் மூன்றும் நிறமிதான்.

போஸ்கா எடுத்தால் எழுத்துக்கு 0.7 மி.மீ. முனையுள்ள பிசி-1எம்ஆர், படத்துக்குக் கோடு போட 0.9-1.3 மி.மீ. வரும் பிசி-3எம். நன்றாகக் குலுக்கி, முனையை வேறு தாளில் அழுத்தி மை இறக்குங்கள். பெட்டிமேல் அழுத்தினால் சொட்டாக விழும். பளபளப்பான பரப்பில் அது விரல் பட்டாலே அழியும் என்பதால் அடிநிறத்தை 600ஆல் மங்கலாக்கிவிட்டு எழுதுங்கள். தப்பாகப் போனால் நல்லதுதான், ஈரத் துணி சுற்றிய பல்குச்சியால் அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிடலாம். ஆனால் மேலே தூரிகையால் வார்னிஷ் பூசக்கூடாது, கோட்டை இழுத்துக்கொண்டு போகும். ஸ்ப்ரே மட்டும்.

போர்டு எழுதுபவர்களின் முறை எனக்கு இன்னும் பிடிக்கும். நீண்ட அணில்முடித் தூரிகை, 1 அல்லது 2ஆம் எண். எனாமலில் இரண்டு சொட்டு டர்பன்டைன் விட்டுத் தளர்த்தி, தூரிகையை ஒரு அட்டைமேல் முன்னும் பின்னும் இழுத்து முடிகளைத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். கையை ஒரு கோல்மேல் தாங்கி வைத்து, தூரிகையை விரலுக்குள் உருட்டியபடியே வளைவை இழுத்தால் மார்க்கரில் வராத தடிப்பும் மெலிவும் வரும். ‘லி’யின் மேல்கொக்கி அப்படி ஒரே இழுப்பில் வந்தால் அழகே தனி. ஒரு எச்சரிக்கை: எனாமல் ஒரு நாளில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே காய வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் லாக்கர் கிளியர் அடித்தால் ஆட்டுக் குடல் மாதிரி சுருங்கிவிடும். எழுத்து மட்டும் எனாமல் என்றால் கிளியரை முதலில் முடித்துவிட்டு, 600ஆல் மங்கலாக்கி, எழுத்தைக் கடைசியாக எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். நல்ல எனாமல் தானாகவே தாங்கும்.

தமிழ் எழுத்துக்கு அளவு முக்கியம். ஒ, ண, ஞ, இ இவற்றின் சுழிகள்தான் முதலில் அடைபடும். கோட்டின் தடிப்பைப் போல எட்டு மடங்காவது எழுத்தின் உயரம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.7 முனைக்கு 6 மி.மீ., 1.3 முனைக்கு 11 மி.மீ. மேலே கொக்கிக்கும் கீழே ‘து’, ‘ரு’ போன்றவற்றின் வாலுக்கும் இன்னொரு 3 மி.மீ. விடுங்கள். ஆங்கில எழுத்துக்கு வகுத்த இடத்தில் தமிழைத் திணித்தால் கொக்கி நாப்புக்கு அடியில் போய்விடும். நாப்பின் விட்டத்தை அளந்து, பெட்டிமேல் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்கு வெளியே எழுத்து. நாப்புக்கு மேல்பக்கமாக, அதாவது ஃபுட்ஸ்விட்ச்சுக்கு எதிர்ப்பக்கம் எழுதினால் நின்றபடி வாசிப்பவருக்கு எழுத்து தெரியும், காலும் மறைக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மேடையில் பெடலைப் பார்ப்பது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அரை இருட்டில். பெடல் தயாரிக்கும் பாஸ் நிறுவனம் 1977இல் ஓடி-1 பெடலை மஞ்சளிலும் 1978இல் டிஎஸ்-1 பெடலை ஆரஞ்சிலும் கொண்டுவந்தது. இன்றைக்கும் நிறத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிடுவார்கள். 1995இல் மினியாபொலிஸில் ஸாக்கரி வெக்ஸ் தொடங்கிய ஸீ.வெக்ஸ் நிறுவனத்தின் ஃபஸ் ஃபேக்டரி பெடல் கையால் வரைந்தே பெயர் வாங்கியது. அதே சர்க்யூட்டைச் சில்க் ஸ்க்ரீன் அச்சுடன் வெக்ஸ்டர் வரிசையில் குறைந்த விலைக்கும் கொடுத்தார்கள். கையால் வரைந்ததற்கு ஆட்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்றால் அந்த வேலைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. உங்கள் செம்பருத்திக்கு வெள்ளை அடியைவிட ஆழ்ந்த பச்சையோ கறுப்போ வைத்துப் பாருங்கள், சிவப்பு தூக்கும். ஆனால் அடர்நிற அடியில் சிவப்பு நேராக ஏறாது, அதிலுள்ள நிறமி ஒளி ஊடுருவுவது. இதழ் வடிவத்தை முதலில் வெள்ளையில் இரண்டு கோட் நிரப்பி, அதன்மேல் சிவப்பு.

அக்ரிலிக்கைத் தடியாக அப்பாதீர்கள். மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம். தண்ணீர் கால்பங்குக்குமேல் சேர்த்தால் பிசின் நீர்த்துப்போய், காய்ந்தபின் தூள் தூளாக வரும். இன்னும் தளர்த்த வேண்டுமானால் அக்ரிலிக் மீடியம் சேர்க்கலாம். படத்தைப் பெட்டிக்கு மாற்ற, டிரேசிங் தாளின் பின்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து மேலே பென்சிலால் வரையுங்கள். கார்பன் தாளும் பென்சில் கரியும் வேண்டாம், கிளியருக்கு அடியில் அழுக்காகவே நிற்கும். ஃபுட்ஸ்விட்ச்சைச் சுற்றி 25 மி.மீ. வட்டத்துக்குள் நுணுக்கமான வேலை எதுவும் வைக்காதீர்கள். அது செருப்புக்கும் ஷூவுக்கும் உரிய இடம்.


ஒன்பதுவோல்ட்

மிக்க நன்றி இருவருக்கும். தின்னர் துணி முறையில் முக்கால்வாசி வந்துவிட்டது. கிளியரில்தான் இன்னும் குழப்பம். லாக்கருக்குப் பதிலாக எபாக்சி ரெசினை மேலே ஊற்றிவிட்டால் வெண்மையும் கசிவும் வராதா? இங்கே இப்போது ஐப்பசி மழை, வெயிலே இல்லை.


கண்ணாடிப்பூச்சு

முதலில் அந்த வெண்மை. லாக்கரின் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் பனித்து, படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்ப்பது போலத்தான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மழைக்காலச் சாயங்காலம் என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். நீங்கள் ஒரே கோட்டில் நனைய அடித்ததும் சேர்ந்துகொண்டது. சின்ன ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அது அளவுகோலைப் போல அவசியம்.

வெண்மை வந்த பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காற்று உலர்ந்த நாளில் அதே லாக்கரையோ மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரையோ பனிபோல மேலே தெளித்தால் படலம் மறுபடி இளகி ஈரத்தை வெளியே விடும், கண்முன்னே தெளியும். உங்கள் பெட்டியில் எழுத்தும் அடியும் போய்விட்டதால் இது அடுத்த முறைக்கு.

ஸ்ப்ரே அடிக்கும் முறை: டப்பாவை 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், அடுப்பிலோ கொதிநீரிலோ ஒருபோதும் கூடாது. பெட்டியையும் ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 25 செ.மீ. தூரம். பெட்டிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து, வெளியே போய்தான் விரலை எடுக்க வேண்டும். முதல் மூன்று கோட் வெறும் தூவல், பரப்பு நனையவே கூடாது. அது போஸ்கா எழுத்தைப் பூட்டிவைக்கும் கோட். ஐந்து நிமிட இடைவெளி. அதன்பிறகு நனையும் கோட் மூன்று, நடுவே கால் மணி நேரம். தூரம் கூடினால் துளிகள் வரும் வழியிலேயே காய்ந்து மணல்போல் சொரசொரக்கும், குறைந்தால் வழியும். டப்பாவில் “ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகு” என்று போட்டிருந்தால் அதை மீறாதீர்கள், இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அடிக்கோட் அரைகுறையாக ஊறிச் சுருங்கும். அடியிலுள்ள தூரிகை அக்ரிலிக்கும் குறைந்தது மூன்று நாள் காய்ந்திருக்க வேண்டும். நீங்கள் அன்றைக்கே அடித்தது தவறு.

எபாக்சி நல்ல தேர்வுதான், ஆனால் கசிவுக்கு அது மருந்து இல்லை. சாய மை எபாக்சிக்கு அடியிலும் மங்கிப் பரவக்கூடும், மையைத்தான் மாற்ற வேண்டும். எபாக்சி ஊற்றும் முன்பும் மேலே சொன்ன தூவல் கோட் மூன்று அடித்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கணக்கு: 125பியின் முகம் சுமார் 121க்கு 66 மி.மீ., அதாவது 80 சதுர செ.மீ. ஒரு மி.மீ. தடிமனுக்கு 8 மி.லி. போதும். நான்கு பக்கமும் சேர்த்தால் 225 சதுர செ.மீ.க்குப் பக்கம் வரும், வழிவதையும் கணக்கில் சேர்த்து 35 மி.லி. ஒன்றுக்கு ஒன்று கலக்கும் வகையில் 15 மி.லி.க்குக் குறைவாகக் கலக்காதீர்கள். சிறு அளவில் அரை மி.லி. பிசகினாலே கடைசிவரை பிசுபிசுப்பாக நிற்கும். மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, வேறொரு கோப்பைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டியிருப்பது சரியாகக் கலந்திருக்காது, அதைச் சுரண்டி ஊற்றுவதால்தான் பரப்பில் இளகிய புள்ளிகள் வருகின்றன.

துளைகளை உள்பக்கமிருந்து டேப்பால் அடைத்துவிடுங்கள். மட்டப்பலகையால் மட்டம் பார்த்த மேசை, மேலே மூட ஒரு அட்டைப்பெட்டி. ஊற்றியதும் குமிழிகளுக்கு ஹேர் டிரையர் குறைந்த வேகத்தில், அல்லது லைட்டர் சுடரை நிறுத்தாமல் ஒரே வீச்சு. பக்கங்களில் வழிந்து அடிவிளிம்பில் தொங்கும் சொட்டுகளை அரை மணி நேரத்துக்கு ஒருமுறை குச்சியால் துடையுங்கள், விட்டால் மூடி பொருந்தாது. ஆறேழு மணி நேரத்தில் கெட்டி ரப்பர் பதத்துக்கு வரும். துளை ஓரத்தைக் கூரிய கத்தியால் சுற்றி வெட்ட அதுவே பதம். முழுதும் கெட்டியானபின் வெட்டினால் சில்லாக உடையும். மழைநாளில் மேலே எண்ணெய்ப்பசை போல ஒரு படலம் வரலாம், பயப்படாதீர்கள், மூன்று நாள் கழித்து சோப்புத் தண்ணீரில் போய்விடும். கழுத்து குட்டையான பாட் என்றால் கூடுதல் ஒரு மி.மீ. தடிமனுக்கு நட் பிடிக்க மரை மீதி இருக்குமா என்று ஊற்றும் முன்பே பார்த்துவிடுங்கள். எபாக்சி வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும், வெள்ளை அடியில் அது நன்றாகத் தெரியும். நுனித்தூரிகை சொன்ன அடர்பச்சை அடிக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட உறுதியானது இரண்டு பாகம் கலக்கும் 2கே பாலியூரித்தேன் கிளியர். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு செய்யக்கூடியது. துணி முகக்கவசமெல்லாம் அதற்குப் பயன்படாது. வீட்டில் அடிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கார் பெயின்டிங் பட்டறையில் பம்பருக்குக் கிளியர் கலக்கும் நாளில் உங்கள் பெட்டியையும் பக்கத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.


எர்த்துக்கம்பி

ஹம் சத்தத்தை யாரும் தொடவில்லை. உள்ளே வெள்ளை அடித்ததுதான் காரணம். திறந்த வகை ஜாக்கில் எர்த் தொடர்பு அதன் உலோகக் கழுத்து வழியாகவே பெட்டிக்குப் போகிறது. பாட்டின் உடல், மூடி எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் எர்த் ஆகின்றன. நடுவே பெயின்ட் வந்தால் பெட்டி கவசமாக இருப்பதற்குப் பதில் ஆன்டெனாவாகிவிடும். ஃபஸ் போல அதிகப் பெருக்கம் உள்ள சர்க்யூட்டில் அது உடனே கேட்கும். நீங்கள் தொட்டதும் நிற்பது இதைத்தான் காட்டுகிறது.

மல்ட்டிமீட்டரை ஓம்மில் வைத்து ஜாக்கின் ஸ்லீவுக்கும் (எர்த் தொடர்புள்ள உலோகப் பகுதி) பெட்டியின் வெற்று உலோகத்துக்கும், பிறகு மூடிக்கும் அளந்து பாருங்கள். ஒரு ஓம்முக்குள் வர வேண்டும். அடுத்த முறை பெயின்ட்டுக்கு முன் பெட்டியின் உள்பக்கம் முழுவதும், மூடி உட்காரும் விளிம்பு, நான்கு ஸ்க்ரூ தூண்கள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். பக்கச் சுவர் அச்சிலிருந்து கழல்வதற்காகக் கொஞ்சம் சரிவாக இருக்கும், அதனால் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டினால்தான் மடிப்பு விழாது. ஏற்கெனவே அடித்துவிட்டால் ஒவ்வொரு ஜாக்கைச் சுற்றியும் 15 மி.மீ. வட்டம் உலோகம் தெரியச் சுரண்டினால் போதும். இரண்டு ஜாக்கின் ஸ்லீவையும் ஒரு வயரால் நேரடியாக இணைத்தும் விடுங்கள். நட் தளர்ந்தால்கூட ஒலி போகாது. பிளாஸ்டிக் உடம்பு ஜாக் என்றால் பெட்டிக்குத் தனியாக எர்த் வயர் கொடுத்தே ஆக வேண்டும்.

நட் ஓரம் உரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பொருத்தும் முறை. பல் வைத்த ஸ்டார் வாஷரை வெளிப்பக்கம் போட்டால் அது பெயின்ட்டைக் கடித்துத் திருகும். அதன் இடம் பெட்டிக்குள்ளே. அங்கே உலோகத்தைக் கடிப்பது எர்த்துக்கும் நல்லது. வெளியே நைலான் வாஷர். ஃபுட்ஸ்விட்ச்சுக்கு இரண்டு நட் வரும். வெளி நட்டைக் கையால் நைலான்மேல் உட்காரும்வரை மட்டும் திருகி, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் நட்டை 14 மி.மீ. ஸ்பேனரால் முடுக்குங்கள். வெளியே எதுவும் சுழலாது, பெயின்ட் தேயவும் தேயாது. பாட் நட்டுக்கு 10 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், அதன் வாயில் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கைமுடுக்குக்குப் பிறகு கால் சுற்று போதும். பாட்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகட்டை உடைக்காமல் விட்டால் பாட் சாய்ந்து உட்கார்ந்து, நட் ஒரு பக்கம் மட்டும் அழுத்தி அங்கே பிறைபோலப் பெயின்ட் வெடிக்கும்.


ஒன்பதுவோல்ட்

அளந்து பார்த்தேன், ஸ்லீவுக்கும் மூடிக்கும் நடுவே மீட்டர் எதுவுமே காட்டவில்லை. சுரண்டியதும் 0.3 ஓம், ஹம் போய்விட்டது. முகத்தைக் கண்ணாடிமேல் தேய்த்தபோது தகரவேலை சொன்ன தீவு அப்படியே தெரிந்தது. ஒரே சந்தேகம்: லாக்கர் போதுமான அளவு காய்ந்துவிட்டது, நட்டை முடுக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேலே தொட்டால் மறுநாளே காய்ந்ததுபோல்தான் இருக்கிறது.


கண்ணாடிப்பூச்சு

மூக்கால். பெட்டியை ஒரு மூடிய டப்பாவுக்குள் இரவு வைத்து, காலையில் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை கொஞ்சம் இருந்தாலும் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது, படலம் நகத்துக்கு இளகும். வாடை போனபிறகு மூடி மறைக்கும் விளிம்புப் பக்கம் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், தடம் விழக்கூடாது. சாதாரண நாளில் ஒரு வாரம், இந்த மழையில் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால், அடித்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, டோஸ்டர் அவனில் 60 டிகிரியில் அரை மணி நேரம், ஆறியபின் இன்னொரு அரை மணி நேரம். ஒரேயடியாகச் சூடேற்றினால் கரைப்பான் கொதித்து ஊசிமுனைத் துளைகள் விழும். அவனின் டயலை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள், குறைந்த சூட்டில் அந்த டயல்கள் 20 டிகிரிவரை தப்பாகக் காட்டும்.